ராத்திரி அக்கா

டம்ளர் காலியாக இருந்தது.

மூடி போட்டு, வளையும் ஸ்ட்ரா ஒன்றைச் செருகி, தம்பியின் கட்டிலை ஒட்டிய சின்ன மேசையில் முந்தின நாள் இரவு அவள்தான் அதை நிரப்பி வைத்திருந்தாள். காலையில் வந்து பார்த்தபோது அடியில் ஒரு சொட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரலைத் தவிர கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாத ஒருவன் படுத்திருக்கும் அறையில் டம்ளர் தானாகக் காலியாவதில்லை. யாராவது அதை எடுத்து, ஸ்ட்ராவை அவன் உதட்டில் பொருத்தி, அவன் உறிஞ்சி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வீட்டில் அந்த யாராவது அவள் ஒருத்திதான். அவளோ இரவு முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

வாசனையும் சரியில்லை. சரியில்லை என்றால், நன்றாக இருந்தது. காலையில் அந்தக் கதவைத் திறந்தால் ரப்பர் விரிப்பும் வியர்வையும் இரவெல்லாம் நிறைந்துபோன மூத்திரப் பையும் கலந்த புளித்த காற்று முகத்தில் அடிக்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போவாள். அன்று பவுடர் வாசனை வந்தது. பை துடைத்த மாதிரிக் காலியாகத் தொங்கியது. வலப்பக்கமாகப் படுக்கவைத்த தம்பி இடப்பக்கமாகத் திரும்பியிருந்தான். அவன் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை, நழுவாதபடி மடித்த துண்டால் அணைகொடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு அந்தத் துண்டு வித்தை தெரியாது.

"தூங்குனியாடா?" என்று கேட்டாள்.

அவன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். ஒரு தடவை என்றால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. விபத்தில் தலையில் பட்ட அடி அவன் பேச்சையும் சேர்த்தே கொண்டுபோயிருந்தது.

"தண்ணி யார் குடுத்தா?"

அவன் அவளையே பார்த்தான். இது என்ன கேள்வி என்கிற மாதிரிப் பார்த்தான்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால், முந்தின நாள் சாயங்காலம் தான் செய்த காரியத்தையும் அவனிடம் சொல்ல வேண்டிவரும். டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

*

அவள் செய்தது இதுதான். மணியை நிறுத்தினாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து கடைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். முன்னறையில் லினக்ஸ் போட்ட ஒரு டெஸ்க்டாப், இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் ஆபீஸ். ஒரு தளத்தை வெளியே விடுவதற்கு முன்னால் தங்கள் மெஷினிலேயே ஒரு சர்வரை, அதாவது கேட்டதற்குப் பதில் தருகிற பின்னணி நிரலை, ஓட்டி அதில் செய்து பார்ப்பார்கள். அந்த மாதிரிச் சர்வர்கள், மெஷினைப் போட்ட உடனே தாமாக எழுந்து நிற்பது தம்பிக்குப் பிடிக்காது. "விருந்தாளிங்க நிறைஞ்ச வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து பாத்ரூம் வாசல்ல நின்னா எப்படிக்கா இருக்கும்? வேலை இருக்கிறவன் மட்டும் எழுந்தா போதும்" என்பான். சர்வர், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் தூங்கவைத்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கையால் எழுப்புவான். அதில் அவனுக்கு ஒரு தனி அற்பப் பெருமை இருந்தது.

விபத்துக்குப் பிறகு அவன் கொள்கைக்கு விரோதமாக அவள் எழுதிய சர்வர் ஒன்று உண்டு. அதற்கு மணி என்று பெயர் வைத்தாள். தம்பியின் முகத்துக்கு நேரே ஒரு டேப்லெட் தொங்கும். தண்ணீர், திருப்பு, வலி, வா என்று அதில் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் மாறி மாறி விழும். வேண்டிய கட்டத்தில் விழும்போது விரலுக்கடியில் இருக்கும் பொத்தானை அவன் அழுத்தினால், முன்னறை மெஷினில் மணி அடிக்கும். அவள் போய் அந்த மெஷினில் ஒரு தட்டுத் தட்டினால் அவன் திரையில் பச்சையாக 'வர்றேன்' என்று விழும். அந்த ஒரு சொல்லை முன்னறை மெஷினில் உட்கார்ந்து மட்டுமே அனுப்ப முடியும், வேறெங்கிருந்தும் முடியாது. அவளே அப்படித்தான் எழுதியிருந்தாள். மெஷின் எழும்போதே மணியும் எழும், இரவும் பகலும் ஓடும்.

ஆனால் அந்த விரல் சொன்னபடி கேட்கிற விரல் இல்லை. தூக்கத்திலும் துடிக்கும். மணி அடித்து, அவள் எழுந்து ஓடிப் பார்த்தால் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். திரும்பி வந்து தலையைச் சாய்த்தால் மறுபடி அடிக்கும். அப்படியொரு இரவில்தான் அவள், "ஏன்டா என் உயிரை வாங்குற?" என்று கத்தினாள். அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். கண்ணை மூடினான், திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தினோமே என்ற வருத்தமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்திருந்தது.

போனில் விசாரிக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "உன்ன மாதிரி யாரும்மா பாத்துப்பா? நீ தெய்வம்மா." நீ போய்த் தூங்கு, நான் பாத்துக்கறேன் என்று மட்டும் ஒரு ஆள் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆகவே அன்று சாயங்காலம் மெஷின் முன் உட்கார்ந்து இரண்டு கட்டளைகளை அடித்தாள். மணியே நில் என்று ஒன்று. மெஷின் எழும்போது இனி நீ எழாதே என்று ஒன்று. மெஷின் பதிலுக்கு ஒரு வரி எழுதியது. அதைப் படிக்காமலே திரையில் கட்டளை ஜன்னலை மூடினாள். ஒரே ஒரு ராத்திரி என்று சொல்லிக்கொண்டாள்.

*

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையோடே முன்னறைக்கு வந்து, மணி என்ன நிலையில் இருக்கிறது என்று மெஷினைக் கேட்டாள். பச்சைப் புள்ளி. ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி நிறுத்தினாள். இந்தத் தடவை மெஷின் எழுதிய வரியைப் படித்தாள். நிறுத்தியாயிற்று, ஆனாலும் இதை இன்னும் எழுப்ப முடியும் என்று சொல்லி, யார் எழுப்புவார் என்பதையும் எழுதியிருந்தது. வாசல். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முதல் வாரத்தில் தம்பியின் வழக்கப்படியே, சர்வர் தூங்கட்டும், வாசலில் காவலாள் மாதிரி ஒரு சின்ன நிரல் இருக்கட்டும், யாராவது கதவைத் தட்டினால் அவன் உள்ளே போய் எழுப்பட்டும் என்றுதான் செய்திருந்தாள். அப்புறம்தான் மணியை எப்போதும் ஓடுகிற மாதிரி மாற்றினாள். காவலாளை வீட்டுக்கு அனுப்ப மறந்துவிட்டாள். இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவள் செய்கிற தப்பு.

ஆக, நடந்தது இதுதான். இரவு தம்பி அழுத்தியிருக்கிறான், காவலாள் மணியை எழுப்பியிருக்கிறான், மணி அடித்திருக்கிறது, அவள் அரைத் தூக்கத்தில் எழுந்துபோய் எல்லாம் செய்துவிட்டு வந்து படுத்து, சுத்தமாக மறந்திருக்கிறாள். அலுத்த உடம்பு அப்படியெல்லாம் செய்யும். துண்டு வித்தையைக்கூட எங்கேயாவது வீடியோவில் பார்த்திருக்கலாம். கணக்கு சரியாக வந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம்தான் ஸ்பீக்கரின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது கண்ணில் பட்டது.

முந்தின நாள் மத்தியானம் ஒரு பாத்திரக்கடை முதலாளியோடு பேசுவதற்காக அதைப் பிடுங்கிவிட்டு ஹெட்செட்டைச் செருகியவள் அவளேதான். அப்படியானால் இரவு மணி அடித்தது ஹெட்செட்டுக்குள்தான். மேசைமேல் கிடக்கிற ஹெட்செட்டுக்குள், கொசு பாடுகிற அளவுக்கு. அதைக் காதில் மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குத்தான் கேட்டிருக்கும்.

அவள் ஹெட்செட்டைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெயில் மேசைக்கு வர இன்னும் நேரமிருந்தது. காதில் படுகிற மெத்தை இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன.

எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தாள். ஒயரை மாற்றிச் செருகவில்லை. காவலாளை அனுப்பவில்லை. அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள், படுத்த உடனே தூங்கினாள்.

*

தம்பிக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ அம்மாள் ஞாயிறு தவிர தினமும் காலையில் வருவாள். கை வேலை செய்யும்போதே வாயும் வேலை செய்ய வேண்டும் அவளுக்கு.

"என்னம்மா, ராத்திரிக்குன்னு ஆள் கீள் வச்சிருக்கியா?"

"இல்லையே மேடம். ஏன்?"

"பின்ன இந்தத் துண்டு அணை யார் சொல்லிக் குடுத்தா? பெரிய ஆஸ்பத்திரியிலகூட இவ்ளோ அழகா வைக்க மாட்டாங்க. முதுகுல அந்தச் சிவப்புகூட ஆறிடுச்சு பாரு. நகத்தைப் பாரேன், மாப்பிள்ளை மாதிரி வெட்டி விட்டிருக்கே!"

அவள் பார்த்தாள். பத்து விரலிலும் நகம் ஒட்ட வெட்டி, ராவி விட்டிருந்தது.

"நான்தான் மேடம்" என்றாள்.

சொன்ன பிறகு அது பொய் மாதிரியே இல்லை. பிசியோ அம்மாள் மெச்சிக்கொண்டே போனாள், அவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. ராத்திரி படுப்பாள், வெளிச்சம் வந்ததும் எழுவாள். டம்ளர் காலியாக இருக்கும். பவுடர் வாசனை வரும். தம்பியின் திரையில் பச்சையாக 'வர்றேன்' என்று இருக்கும். ஹெட்செட் வெதுவெதுப்பாக இருக்கும். அவள் எதையும் கேட்கவில்லை. பயந்து கேட்காமல் இருந்தாள் என்று சொன்னால் அது அவளைக் காப்பாற்றுகிற பேச்சு. கேட்டால் நின்றுவிடுமோ என்றுதான் அவளுக்குக் கவலை.

"உனக்கும் முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கும்மா" என்றாள் பிசியோ அம்மாள் ஒருநாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா ஏன் காலை இழுத்து நடக்கிற?"

"மரத்துப்போச்சு மேடம். காலையில கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கு."

"நரம்பைப் பாத்துக்கோ. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் படுத்துட்டா நான் ஒருத்தி எந்தப் பக்கம் ஓடுவேன்?" என்று சிரித்தாள்.

முதலில் மரத்தது காலின் சுண்டுவிரல்தான். பிறகு இடது பாதம். கண் விழிக்கும், தலை திரும்பும், கால் மட்டும் எழுந்திருக்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். வரவர அது எழ நேரமானது. ஒருநாள் அடுப்பிலிருந்து பாத்திர மூடியை இடது கையால் எடுத்துத் தாங்கியில் வைத்தாள். ஏதோ கருகுகிற வாடை வந்தது. அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில்தான் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் அடியில் தோல் வெளுத்து எழும்பியிருந்தது. வலி என்று ஒன்றும் இல்லை.

*

ஒரு மத்தியானம் தம்பி வாயைத் திறக்க மாட்டேன் என்றான்.

கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, ஊதி, உதட்டருகே கொண்டுபோனாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். இரண்டாம் தடவையும் அப்படியே. "ஆறிப்போகுதுடா, எனக்கு வேலை கிடக்கு" என்று அலுத்துக்கொண்டாள். அவன் கண் டேப்லெட்டுக்குப் போனது. கட்டங்களுக்குக் கீழே எழுத்துகளும் உண்டு, ஆனால் ஒரு எழுத்தைப் பிடிக்க வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்து வர வேண்டும். ஒரு சொல் சேர்வதற்குள் கஞ்சி பாறையாகிவிடும். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். விரல் அழுந்தும்போதெல்லாம் பொத்தான் 'டொக்' என்றது. டொக். வெகுநேரம் கழித்து, டொக்.

ராத்திரி அக்கா வரட்டும்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ராத்திரியும் நான்தானேடா வர்றேன்?"

அவன் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான். கண்ணை மூடித் திறந்தான். மறுபடி மூடித் திறந்தான்.

இல்லை.

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். கஞ்சியின் மேல் ஆடை படிந்தது. அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவ எப்படிடா இருப்பா?" என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

டொக். டொக்.

உன்ன மாதிரி.

கொஞ்ச நேரம் நின்று, மறுபடி.

சலிச்சுக்க மாட்டா.

பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. நாளெல்லாம் துடைத்து, ஊட்டி, தூக்கி, சம்பாதித்துப் போடுகிறவள் நான், நல்ல பேர் இன்னொருத்திக்கா என்று நெஞ்சு காந்தியது. பல மாதத்துக்குப் பிறகு அவளுக்குள் சுருக்கென்று பட்ட உணர்ச்சி அதுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை எடுத்துப் போனாள். இன்றைக்கு அந்தக் காவலாளை வேரோடு எடுக்கிறேன் பார் என்று சமையலறையில் நின்று சொல்லிக்கொண்டாள்.

எடுக்கவில்லை. சாயங்காலம் ஆனதும் கண் சொருகியது. இன்னும் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு எடுக்கலாம் என்று தோன்றியது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்து தம்பியின் அறைக்குப் போக வெகுநேரம் ஆயிற்று. இடது கால் எழவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போனாள். இடது கையும் தோளிலிருந்து கனமாகத் தொங்கியது. கதவைத் திறந்ததும் பவுடர் வாசனை. டம்ளர் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

தம்பியின் கண் திறந்திருந்தது. வெள்ளை முழுக்கச் சிவந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது.

அவன் வலது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலுக்கு அடியில் பஞ்சு வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து, வெள்ளைக் கட்டுத்துணியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. இறுக்கமில்லை. ரத்த ஓட்டம் தடைபடவில்லை. துணி ஓரம்கூட மடங்கவில்லை. முனையை உள்ளே செருகி, பிசிறில்லாமல் முடித்திருந்தது. விரலுக்கடியில் இருக்க வேண்டிய பொத்தானை ஒயரோடு சுருட்டி, துடைத்து, மேசைமேல் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருந்தது.

அவள் ஒரு கையால் கட்டைப் பிரித்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். பொத்தானை அவன் விரலுக்கடியில் வைத்தாள். "என்னடா பண்ணா? என்னடா பண்ணா உன்ன? எங்கடா போனா?"

விரல் அழுந்தியது. டொக். தப்பான எழுத்து. மறுபடி.

அவ போகல.

"எங்க?"

அவன் கண் அவள் முகத்திலிருந்து நகர்ந்து, அவள் தோளுக்கு மேலாகப் போய், அங்கேயே நின்றது.

அவள் திரும்பினாள். திறந்த கதவு. நடை. நடைக்கு அப்பால் முன்னறையின் ஒரு துண்டு, காலை வெளிச்சத்தில். அவளுடைய நாற்காலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ராத்திரி மேசைமேல் வைத்த ஹெட்செட் மேசையில் இல்லை. நாற்காலிச் சாய்வுக்கு மேலே, ஒரு தலை இருக்க வேண்டிய உயரத்தில், ஒன்றின் மேலும் மாட்டாமல் நின்றது.

அவள் கண்ணை இமைத்தாள். ஹெட்செட் மேசையில் கிடந்தது.

*

யாருக்காவது போன் செய்யலாம். என்னவென்று சொல்வது? ராத்திரி யாரோ வந்து என் தம்பியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றா?

அன்று முழுக்க அவள் தம்பியின் அறையை விட்டு நகரவில்லை. அவளே ஊட்டினாள், அவளே துடைத்தாள், ஒற்றைக் கையால் அரைகுறையாக. கஞ்சி அவன் கழுத்தில் வழிந்தது. அவன் அதற்கு ஒரு குறையும் காட்டவில்லை. "இனிமே ராத்திரி இங்கதான் படுக்கப் போறேன். கத்த மாட்டேன்டா. நீ சும்மா அழுத்துனாலும் எழுந்துப்பேன்" என்றாள். அவன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். அவனை அதனிடம் விட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கியது தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெயில் சாயும் நேரத்தில் சுவரைப் பிடித்து முன்னறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார யோசித்து, அப்புறம் உட்கார்ந்தாள். மணியின் பக்கம் திரையில் திறந்தே இருந்தது. தம்பியிடம் இருக்கிற அதே கட்டங்கள், சோதித்துப் பார்ப்பதற்காக இங்கேயும் ஒரு நகல், பொத்தானுக்குப் பதில் மவுஸ். அதை ஓரமாக நகர்த்திவிட்டுக் கட்டளை ஜன்னலைத் திறந்தாள். இடது கை மடியில் கிடந்தது. வலது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

மணியை நிறுத்தினாள். காவலாளை நிறுத்தினாள். கடைசியாக, இரண்டையும் வெறுமையோடு கொண்டுபோய் முடிச்சுப் போடுகிற அந்தக் கட்டளை. அதை அடித்துவிட்டால் மெஷின் எழும்போதும் எழாது, யார் தட்டினாலும் எழாது, கையால் எழுப்பினாலும் எழாது. இல்லாததாகவே ஆகிவிடும்.

மெஷின் ஒரு வரி எழுதியது. இந்தத் தடவை அவள் கையை மவுஸின் மேல் வைத்துக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

நிறுத்தியாயிற்று. ஆனாலும் இதை இன்னும் எழுப்ப முடியும்.

யார் எழுப்புவார் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

எழுந்து தம்பியிடம் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. வலது கால் எழவில்லை. குனிந்து தட்டலாம் என்றால் முதுகு குனியவில்லை. கழுத்து திரும்பவில்லை. மரப்பு மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், தோளிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் இறங்கியது. வலி இல்லை. இதமாகக்கூட இருந்தது. கத்த வாயைத் திறந்தாள். உதடு பிரிந்தது, காற்று மட்டும் வந்தது.

உள்ளறையில் ஜன்னல் திரையை யாரோ இழுத்தார்கள். வளையங்கள் கம்பியில் ஓடின.

கரண்டி. கிண்ணத்தின் ஓரத்தில் தட்டுகிற சத்தம்.

பிறகு குரல். அவளுடைய குரல். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் இருந்திருக்கக்கூடிய அவளுடைய குரல்.

"என்னடா கண்ணா இது, கழுத்தெல்லாம் கஞ்சி? யார் இப்படிப் பண்ணது?"

டொக், டொக், டொக் என்று பொத்தான் அடித்துக்கொண்டது. முன்னறையில் எந்த மணியும் அடிக்கவில்லை. அவள்தான் நிறுத்தியிருந்தாளே.

"சரி, சரி. இனிமே நீ கூப்பிடவே வேண்டாம். நான்தான் இங்கேயே இருக்கேனே."

கட்டுத்துணியைக் கிழிக்கிற சத்தம். சர்ர்ர். தம்பியின் தொண்டையிலிருந்து ஒரு முனகல்; விபத்தன்று ஆஸ்பத்திரியில் கேட்டது, அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை. பொத்தான் இன்னும் வேகமாக அடித்தது. அப்புறம் மெதுவாக. அப்புறம் ஒன்று.

அவளிடம் மிச்சம் இருந்தது மவுஸின் மேல் கிடந்த வலது கையின் ஆள்காட்டி விரல். அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. அது ஒன்றுதான் அசைந்தது.

எதிரே அந்தக் கட்டங்கள். வெளிச்சம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. தண்ணீர். திருப்பு. வலி. மணி செத்துவிட்டது, கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, அழுத்தினால் சர்வர் இல்லை என்றுதான் வரும். அவளுக்கு அது தெரியும். ஆனால் அழுத்தினால் அது அவனை விட்டுவிட்டு வரும் என்றும் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசிக்க நேரமில்லை. அவன் விரலைக் கட்டி முடிப்பதற்குள். முனையைச் செருகுவதற்குள்.

வெளிச்சம் 'வா'வில் விழுந்தது.

அழுத்தினாள்.

பச்சையாக விழுந்தது. வர்றேன்.

உள்ளே கிழிபடுகிற சத்தம் நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். செருப்புச் சத்தம். சரக். சரக். அவளுடைய செருப்பு, அவளை மாதிரி இழுத்து நடக்கவில்லை. நடை. வாசற்படி. நாற்காலிக்குப் பின்னால்.

பவுடர் வாசனை.

இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தலையணை செருகப்பட்டது, மடித்த துண்டின் அணையோடு. தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. டம்ளர். வளைந்த ஸ்ட்ரா அவள் உதட்டில் சரியாக உட்கார்ந்தது. கட்டைவிரல் அடியில் அந்தக் கையிலும் ஒரு கொப்புளம் இருந்தது. ஆறிக்கொண்டிருந்தது.

"நீ தூங்கு" என்றது காதருகே. "நான் பாத்துக்கறேன்."

அவள் குடித்தாள். டம்ளர் காலியாகும்வரை அந்தக் கை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளறையிலிருந்து ஒரு டொக் கேட்டது, தூரத்தில். இன்னொன்று கேட்டது. கை மவுஸை மெதுவாக நகர்த்தி, அவள் விரலுக்கடியில் பஞ்சை வைத்தது. பிறகு கட்டுத்துணி. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுக்கமில்லை. ஓரம்கூட மடங்கவில்லை. முனையை உள்ளே செருகியது, பிசிறில்லாமல். பிசியோ அம்மாள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.